தலைமாட்டில் ஒட்டிய வாக்குத்தத்தம்

பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் அன்று மாலை நின்றிருந்தது, குன்னம் வழியாக எங்கள் ஊருக்குச் செல்லும் வழக்கமான பேருந்துதான். முன்படியில் வைக்க வலது காலைத் தூக்கினேன். தூக்கியதாக நினைத்தேன் என்று எழுதுவதே சரி. கால் தரையில்தான் இருந்தது. வலிக்கவில்லை; மரத்துப்போகவும் இல்லை. நான் சொன்னதை அது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"ஏறும்மா. படியப் புடிச்சுக்கிட்டு என்ன யோசன?" என்றார் பின்னால் நின்ற பெண். கம்பியைப் பற்றி, உடலை இழுத்து, எப்படியோ ஏறிவிட்டேன். இரண்டாம் ஆண்டு முதுகலைத் தமிழ் மாணவி நான். அன்று நூலகத்தில் நெடுநேரம் நின்றதால் வந்த அசதி என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். அதற்கு முந்தைய வாரம் வயிற்றுப்போக்கும் லேசான காய்ச்சலும் வந்து போனதை நினைக்கவே இல்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத்தான் தோன்றும்?

மறுநாள் காலை குந்தி உட்கார்ந்த இடத்திலிருந்து என்னால் எழ முடியவில்லை. அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா எங்கள் ஊர் அங்கன்வாடியில் வேலை செய்கிறவர். விழுகிற பிள்ளைகளைப் பதறாமல் தூக்கிப் பழகியவர். என்னையும் பதறாமல்தான் தூக்கினார். ஆனால், நிற்க வைத்ததும் நான் துணிபோல மடிந்து அவர் மேலேயே சரிந்தபோது அவர் கைகள் குளிர்ந்துவிட்டதை என் தோளில் உணர்ந்தேன்.

பெரம்பலூரில் பார்த்த மருத்துவர் ஒரு சிறு ரப்பர் சுத்தியலால் என் முழங்காலின் கீழே தட்டினார். நன்றாக இருக்கிற காலானால் தட்டியதும் தானாகவே முன்னால் உதறும். என் கால் தொங்கியபடியே இருந்தது. மறுகாலிலும் தட்டினார். பிறகு சுத்தியலை மேசைமேல் வைத்துவிட்டு, "இன்னைக்கே அரியலூருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. நாளைக்குன்னு தள்ளாதீங்க," என்று ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பினார்.

அரியலூர் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் எனக்குப் பெஞ்சில் சாய்ந்து உட்கார இடம் கிடைத்தது. தொங்கிய கால்கள் பக்கவாட்டில் விழுந்துகொண்டே இருந்தன. அம்மா தரையில் உட்கார்ந்து என் இரு பாதங்களையும் எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். எதிரே ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. "விடுங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க," என்றேன். "பாக்கட்டும். காலுதான," என்றார்.

அப்பா அங்கேதான் வந்து சேர்ந்தார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமெண்டு ஆலைக்கு டிப்பர் லாரி ஓட்டுகிறவர் அவர். காக்கிச் சட்டையிலும் இமை முடியிலும் வெள்ளைத் தூசி அப்படியே இருந்தது. என்னைப் பார்த்தார், அம்மா மடியிலிருந்த என் கால்களைப் பார்த்தார். போய் இளநீர் வாங்கி வந்தார்.

சோதனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது நாளை அவை காத்திருக்கலாம். முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீரைச் சிறிது எடுப்பதற்காக, ஒருக்களித்து, முழங்கால்களை நெஞ்சோடு மடக்கிப் படுக்க வைக்கிறார்கள். எனக்கு மடக்கும் வலு இல்லாததால் ஒரு செவிலியர் என்னை அணைத்தாற்போல மடக்கிப் பிடித்துக்கொண்டார். ஊசி வலித்தது, அஞ்சிய அளவுக்கு இல்லை. இன்னொரு சோதனையில் கைகால்களில் சிறு மின்னதிர்வு கொடுத்து, நரம்பு அந்தச் செய்தியை எவ்வளவு விரைவாகக் கடத்துகிறது என்று அளக்கிறார்கள். என் நரம்புகள் மிக மெதுவாகக் கடத்தின.

கில்லன்-பாரே சிண்ட்ரோம், சுருக்கமாக ஜி.பி.எஸ். என்று மூன்றெழுத்தில் நோய்க்குப் பெயர் சொன்னார்கள். இளம் பெண் மருத்துவர் ஒருவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குப் புரியும்படி விளக்கினார். மின்கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதைப் போல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. வயிற்றில் வந்த கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் காவற்படை, ஆள் மாறிப்போய், அந்த உறையை அரிக்கத் தொடங்கிவிட்டது.

"இது காலுல ஆரம்பிச்சு மேல ஏறும். ஒரு எடத்துல வந்து நிக்கும். அப்பறம் எறங்க ஆரம்பிக்கும். பெரும்பாலும் எல்லாருக்கும் எறங்கிரும்," என்றார்.

"எப்ப எறங்கும் டாக்டர்?"

"அத மட்டும் என்னால சொல்ல முடியாதும்மா. சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாசக்கணக்கு. அதுவரைக்கும் மூச்ச நாங்க பாத்துக்கணும்."

அம்மா தலையாட்டினார். 'ஏறும்' என்ற சொல்லோடு அவர் நின்றுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

மூச்சைப் பார்க்கும் முறை எளியது. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, அதே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். எந்த எண்ணில் மூச்சு முடிகிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள். எண் குறைந்தால் நோய் மார்புத் தசைகளை எட்டுகிறது என்று பொருள். மிகவும் குறைந்தால் தொண்டைக்குள் குழாய் விட்டு, எந்திரம் மூச்சுவிடும். முதல் நாள் நின்ற எண்ணுக்கு மறுநாள் என்னால் போக முடியவில்லை. அம்மா பக்கத்தில் நின்று உதட்டை மட்டும் அசைத்து என்னோடு எண்ணுவார். நான் நின்ற பிறகும் அவர் உதடுகள் இன்னும் இரண்டு மூன்று எண்களைச் சொல்லிவிட்டுத்தான் நிற்கும்.

அன்றுதான் அம்மா தம் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்துக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினார்.

எங்கள் சபையின் வழக்கத்தைச் சொல்லாமல் அந்த அட்டையை விளக்க முடியாது. புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு தட்டை ஏந்தி நிற்பார். தட்டில் சிறு அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் வேதத்திலிருந்து ஒரு வாக்குத்தத்தம், அதாவது ஆண்டவர் தம் மக்களுக்குக் கொடுத்த ஒரு வாக்குறுதி, அச்சிட்டிருக்கும். கண்ணை மூடி ஜெபித்து ஆளுக்கொன்று எடுப்பார்கள். அந்த ஆண்டு முழுவதும் அதுவே அவரவர் வசனம். வர முடியாதவர்களுக்கு வீட்டார் யாராவது பெயரைச் சொல்லி எடுத்து வருவார்கள். நோய் வந்த ஆண்டின் புத்தாண்டில் எனக்குச் சின்னம்மை. அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. எங்கள் இருவருக்கும் அம்மாவே எடுத்துவந்தார். காய்ச்சலில் கிடந்த நான் என் வசனம் எது என்று கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், கேட்கும் விருப்பமும் இல்லை. கவிழ்ந்த அட்டைகளில் ஒன்றை எடுத்து 'இது எனக்கு' என்பது குலுக்கலைப் போல இருக்கிறதே என்ற கூச்சம் எனக்கு வெகுநாளாக உண்டு. அம்மாவிடம் அதை நான் சொன்னதில்லை.

"இதுதான் பாப்பா இந்த வருசம் ஒன் வசனம். பாத்தியா, ஒனக்குன்னே வந்திருக்கு," என்றார் அம்மா.

தம்மை நம்பியவர்களுக்கு ஆண்டவர் புதுப் பலம் தருவார், எவ்வளவு நடந்தாலும் அவர்கள் களைக்க மாட்டார்கள் என்பது அதன் பொருள். கால் வராமல் கிடக்கிறவளுக்கு நடையைப் பற்றிய வாக்கு. என் கூச்சத்தையும் மீறி உடல் சிலிர்த்தது.

அப்பா மதியம் வந்தார். கனரக வண்டிகள் பகலில் நகருக்குள் வரக்கூடாது என்பதால், டிப்பரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு வெயிலில் நடந்தே வருவார். அட்டையைப் பார்த்ததும் கிட்டப்போய்ப் படித்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா என் போர்வையின் சுருக்கத்தை நீவத் தொடங்கினார். அப்பா ஒன்றும் சொல்லாமல் திரும்பி என் நெற்றியில் கை வைத்தார். துயரத்தின் மௌனம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மருந்து ஏற்றினார்கள். பலருடைய குருதியிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் பொருள் அது. வழி தவறிய காவற்படையை அடக்கிவைக்கும். அரசு மருத்துவமனை என்பதால் அதற்கென்று எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. முகம் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்தது, கண்ணாடிப் புட்டியிலிருந்து என் கைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் கைவிரல்களும் மடங்காமல் போயிருந்தன. அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினார். அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் செய்வதைப் போல, ஒவ்வொரு வாய்க்கும் தம் வாயையும் சற்றே திறந்தார். நான் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு காலையில் மூச்சின் எண் குறையவில்லை. மறுநாளும் குறையவில்லை. "ஏறுறது நின்னுருச்சு," என்றார் மருத்துவர். செவிலியர் வந்து என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். எந்திரம் தேவைப்படவில்லை.

இனி இறங்க வேண்டும். இறங்கவில்லை. இந்த நோயின் மிகக் கடினமான பகுதி இதுதான் என்று இப்போது சொல்வேன். ஏறும்போது அச்சம் இருந்தது. அச்சத்துக்கு ஒரு வேகம் உண்டு. நின்ற பிறகு எதுவுமே நடக்கவில்லை. விழிப்பேன்; கட்டைவிரலை அசைக்க முயல்வேன்; அது அசையாது.

அந்த நாட்களில்தான் பக்கத்துக் கட்டிலுக்குச் செல்வி அக்கா வந்தார். தா.பழூர்ப் பக்கம், நடவு வயலில் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. கால் தொடைவரைக்கும் வீங்கி மின்னியது. வலியோடு வலியாக வார்டையே விசாரித்துக்கொண்டிருப்பார்.

"டீச்சர், பொண்ணு தலமாட்டுல என்ன சீட்டு அது?"

அம்மா விளக்கினார். செல்வி அக்கா முழுவதையும் கேட்டார்.

"நல்ல வாக்குதான். எப்பன்னு போட்டிருக்கா?"

"தேதியெல்லாம் போட்டிருக்காதுக்கா."

"எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் டீச்சர். பட்டுச்சேல எடுத்துத் தரேன்னாரு. எப்பன்னு கேட்டா, சொன்னா சொன்னதுதாம்பாரு. எம்பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிருச்சு, சேல இன்னும் கடையிலதான் இருக்கு."

அம்மா சிரித்துவிட்டார். மருத்துவமனைக்கு வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். "எங்க ஆண்டவரு அப்படி இல்லக்கா," என்றார்.

"பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்," என்றார் செல்வி அக்கா.

விஷமுறிவு ஊசிகள் வேலை செய்தன. வீக்கம் வடிந்தது. ஒரு காலையில் செல்வி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குழாயடிவரை போய், முகம் கழுவிக்கொண்டு திரும்பி நடந்துவந்தார். அம்மா முதல் ஆளாக, "நல்லா நடக்குறீங்கக்கா, ஸ்தோத்திரம்," என்றார். உண்மையான மகிழ்ச்சியோடுதான் சொன்னார். பிறகு வெந்நீர் வாங்கப் போகிறேன் என்று பிளாஸ்க்கை எடுக்காமலேயே வெளியே போனார். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது.

அன்றிலிருந்து அம்மாவின் ஜெபம் மாறியது. என் உள்ளங்கால்களில் கைகளை வைத்துக்கொண்டு, "சொன்னீங்களே ஆண்டவரே, நடப்பான்னு சொன்னீங்களே," என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மெல்லிய குரல்தான்; ஆனால் அதில் ஓர் அவசரம் வந்திருந்தது. நான் கண்களை மூடிக்கொள்வேன். அந்தக் கைகளின் அடியில் என் கால்கள் அசையாமல் கிடக்கும் ஒவ்வொரு நாளும், ஆண்டவர் சொன்ன சொல்லை நானே பொய்யாக்கிக்கொண்டிருப்பதைப் போல எனக்குத் தோன்றியது. நோயைவிட அது கனமாக இருந்தது.

செல்வி அக்கா வீட்டுக்குப் போகும் நாளில் அவருடைய கணவர் புதிய செருப்பு ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தார், வீங்கிய காலுக்காக ஓர் அளவு பெரியதாகப் பார்த்து. செல்வி அக்கா அதை எங்களுக்குத் தூக்கிக் காட்டினார். "பட்டுச்சேலைக்குப் பதிலா இது வந்திருக்கு டீச்சர். எதுவோ வந்துச்சே." போகும்போது என் தலையைத் தடவினார். "ஒனக்கும் வரும் கண்ணு. நான் சும்மா வாய் பேசுவேன், மனசுல வச்சுக்காத."

அன்று மதியம் அப்பா வந்தபோது அம்மா வெந்நீருக்குப் போயிருந்தார். எதையும் எளிதில் வெளியே சொல்கிறவள் அல்ல நான். அன்று சொல்லிவிட்டேன்.

"அப்பா, எனக்குக் கால் வரலங்கிறதுகூடப் பயமா இல்ல. நான் நடக்கலேன்னா அம்மா ஆண்டவரையே விட்டுருவாங்களோன்னுதான் பயமா இருக்கு."

அப்பா வியர்வையைத் துண்டால் துடைத்தார்.

"பாப்பா, அது ஒன் வசனம் இல்ல," என்றார்.

"என்னப்பா?"

"அது என்னுது. வருசப் பொறப்பன்னைக்கே ஒங்கம்மா போன்ல படிச்சுக் காட்டுனா. நான்கூடக் கேலி பண்ணேன், டிப்பர் ஓட்டுறவனுக்கு நடக்குற வசனமா, ஆண்டவருக்கு நான் என்ன வேல பாக்குறேன்னு தெரியாதா, அப்படின்னு."

நான் திரும்ப முடிந்த அளவு தலையைத் திருப்பினேன். அம்மா பிளாஸ்க்கோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டார் என்பது தெரிந்தது.

"சொல்லிட்டீங்களா," என்றார். கோபம் இல்லை, சுமையை இறக்கி வைத்த களைப்பு அது. என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒனக்கு வந்தது வேற வசனம் பாப்பா. தாமசமாகும், பொறுத்திருன்னு சொல்ற வசனம். டாக்டர் ஏறும்னு சொல்லிட்டுப் போனப்ப நான் பையத் தொறந்து ரெண்டையும் பாத்தேன். மூச்சு எண்ணிக்கிட்டுக் கெடக்குற புள்ள தலமாட்டுல, தாமசமாகும்னு எப்படி ஒட்டுவேன்? எனக்கு மனசு வரல. அவரோடத எடுத்து ஒட்டிட்டேன்."

"ஆண்டவரு போட்ட அட்ரஸயே மாத்திட்டா," என்றார் அப்பா.

"சிரிக்காதீங்க. நான் மாத்துனதாலதான் இவளுக்கு இன்னும் கால் வரலியோன்னு, ஒவ்வொரு நாளும்…" அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

இத்தனை நாளும் என் கால்களைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது எனக்காக மட்டும் அல்ல என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தாம் செய்தது வாக்கைத் தடுத்துவிடவில்லை என்று ஆண்டவர் சொல்ல வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அம்மா, என்னோடத எடுங்க. படிங்க," என்றேன்.

அம்மா தம் வேதப்புத்தகத்திலிருந்து அதை எடுத்தார். என் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினார். குறித்த வேளை ஒன்று உண்டு, சொன்னது பொய்யாகாது, வரத் தாமதமானாலும் பொறுத்திரு, அது நிச்சயமாக வரும் என்பது அதன் கருத்து. நான் அதை இரண்டு முறை படித்தேன்.

எனக்கு உண்டான ஆறுதலைச் சரியாகச் சொல்ல முயல்கிறேன். அந்த வாக்கில் தாமதம் என்ற சொல் ஏற்கெனவே இருந்தது. அதைக் கொடுத்தவர் தாமதத்தை அறிந்தே கொடுத்திருந்தார். அப்படியானால், அசையாமல் கழிந்த என் நாட்கள் எதையும் பொய்யாக்கவில்லை. அவற்றுக்கு அந்த வாக்குக்குள்ளேயே இடம் விடப்பட்டிருந்தது. அம்மா எதைப் பார்க்க அஞ்சி மறைத்தாரோ அதுவே எனக்கு மூச்சு விடும் வெளியாயிற்று. மருத்துவரும் வேறென்ன சொன்னார்? இறங்கும், எப்போது என்று கேட்காதீர்கள். அவர் 'பெரும்பாலும்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் ஆண்டவருடைய சொல்லில் அந்தச் சொல் இல்லை.

அட்டை எடுப்பதில் எனக்கிருந்த கூச்சம் அன்றோடு முழுதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று தெளிந்தது: வாக்கு அட்டையில் இல்லை. அட்டை மாறினாலும், தொலைந்தாலும், சொன்னவர் மாறுவதில்லை. இதை அம்மாவிடம் சொன்னேன்.

"நெசமாவா பாப்பா? நான் மாத்துனதுல ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்லம்மா. நீங்க மாத்துறதுக்கு அவரு மாறிருவாரா?"

அம்மா என் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதார். அப்பா தலைமாட்டிலிருந்த அட்டையை நகத்தால் மெல்லப் பெயர்த்து எடுத்து, அந்த இடத்தில் என்னுடையதை ஒட்டினார். தம்முடையதைக் காக்கிச் சட்டையின் மேற்பையில் போட்டுக்கொண்டார். "என் சொத்து என்கிட்ட வந்துருச்சு," என்றார். அம்மா அழுகையோடு அவர் கையில் ஓர் அடி கொடுத்தார்.

மறுநாளே கால் அசைந்துவிட்டது என்று எழுத முடிந்தால் படிக்கிறவர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. இந்த நோயில் கடைசியாகப் போனது முதலில் திரும்பும். கைவிரல்கள்தான் முதலில் வந்தன. அதற்கும் சில வாரங்கள் ஆயின. ஒரு மதியம் அம்மா ஊட்ட வந்தபோது தட்டின் ஓரத்தை என் விரல்கள் பற்றின. அம்மா உருட்டிய கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு, தட்டை அப்படியே என்னிடம் விட்டார். பாதிச் சோறு மடியில் சிந்தியது. சிந்தட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

சக்கர நாற்காலியில்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி பயிற்சிதான் மருந்து என்று சொன்னார்கள். இருபுறமும் பிடித்து நடக்க இணையான இரண்டு கம்பிகள் வேண்டும் என்றார் பயிற்சி கொடுத்தவர். அப்பா சவுக்குக் கழிகளை வாங்கி, இழைத்து, கொல்லையில் என் இடுப்பு உயரத்துக்கு நட்டார். அப்பால் மக்காச்சோளம் ஆளுயரத்துக்கு வளர்ந்து நின்றது. நாள்தோறும் காலையில் வேலைக்குப் புறப்படும் முன், காக்கிச் சட்டையோடு அந்தக் கழிகளுக்கு நடுவே எனக்கு எதிரே நிற்பார். கழிகளை விட்டு என் கைகளைத் தம் கைகளில் தாங்கிக்கொண்டு, பின்பக்கமாக ஓரோர் அடி வைப்பார். நான் அவரை நோக்கி இழுத்து இழுத்து ஓர் அடி. கொல்லையின் முனைவரை போய்த் திரும்புவோம். மாலையில் வந்ததும் மறுபடியும் அதே நடை. மழை பெய்தபோது வீட்டுக்குள்ளேயே நடந்தோம். சோளம் அறுவடையாகி நிலம் வெறுமையாகும்வரை இப்படித்தான் போனது.

நான் இப்போது மீண்டும் கல்லூரிக்குப் போகிறேன். இடது பாதத்தில் ஒரு தாங்கி அணிகிறேன். எழுதுகோலை நெடுநேரம் பிடித்தால் விரல்கள் நடுங்குகின்றன. முழுதும் வந்துவிடவில்லை. ஆயினும், இதை எழுதத் தொடங்கியபோது நான் எண்ணியிருந்தது ஒரு காலை வேளையைச் சொல்லத்தான்.

அறுவடை முடிந்த நிலத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அப்பா வழக்கம்போல் என் கைகளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். அம்மா அங்கன்வாடிக்குப் புறப்பட்டு, பையோடு கொல்லைக் கதவில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நீங்களும் எத்தன மாசமா இப்படிக் காலையும் சாயந்தரமும் நடக்குறீங்க. ஆஸ்பத்திரியில இருந்தப்பவும் அந்த வெயில்ல நடந்தே வந்தீங்க. ஒங்களுக்குக் கால் வலிக்கலியா?"

"இல்லியே," என்றார் அப்பா, நடந்துகொண்டே.

பிறகு நின்றார். தம் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"வலிக்கவே இல்லடி," என்றார் இன்னொரு முறை, வேறு குரலில். அவருடைய வலது கை என் கையை விட்டுச் சட்டையின் மேற்பைக்குப் போனது. பைக்குள் இருந்த அட்டையைத் துணியோடு சேர்த்து அழுத்திப் பிடித்தது. இடது கை கண்களைத் துடைக்கப் போனது.

அம்மாதான் முதலில் பார்த்தார். அவர் கையிலிருந்த பை தரையில் இறங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நான் விழுந்துவிடுவேன் என்று நினைத்திருக்கலாம்.

அப்பாவின் இரு கைகளும் என்னிடம் இல்லை. கழிகளையும் நான் பிடித்திருக்கவில்லை.

நான் இன்னோர் அடி வைத்தேன்.